ஹெட்ஜ் ஃபண்டும் செபி விதியும்: என் மேசைக்கு வந்த கேள்விகள்

பாளையங்கோட்டையில் வருமான வரித் தாக்கல் செய்து கொடுக்கிறேன், கூடவே மியூச்சுவல் ஃபண்டு விநியோகமும் உண்டு. ஒன்றரை வருடமாக ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ராதாபுரம் பக்கம் காற்றாலைக்கு நிலம் கொடுத்தவர்கள், முக்கூடல் பீடி வியாபாரிகள், மும்பைக் கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்கள் எனப் பலர். கையில் ஒரு கோடி சேர்ந்ததும் யாராவது வந்து காதில் "ஹெட்ஜ் ஃபண்டு" என்று ஓதிவிடுகிறார்கள். "நல்லா சம்பாதிச்சுக் கொடுத்துட்டிருந்தாவ, சட்டம் போட்டுக் கெடுத்துட்டாவ" என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டே வரும். கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். கேட்டவர் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மியூச்சுவல் ஃபண்டு விற்றால் எனக்குக் கமிஷன் வரும். ஹெட்ஜ் ஃபண்டு நான் விற்பதில்லை. நான் எழுதியிருப்பதை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

யக்கா, ஹெட்ஜ் ஃபண்டுன்னா என்னது? மியூச்சுவல் ஃபண்டு மாதிரிதானா?

ஹெட்ஜ் என்றால் வேலி. தாழையூத்தில் சிமென்ட் ஆலை ஓட ஆரம்பித்த அதே 1949இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் ஒரு லட்சம் டாலரை வைத்து ஒரு ஃபண்டு தொடங்கினார். அதில் 40,000 டாலர் அவருடைய சொந்தப் பணம். நல்ல பங்குகளை வாங்கினார், மோசம் என்று பட்டவற்றைக் கடன் வாங்கி விற்றார். பங்கைக் கடன் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பதைத்தான் ஷார்ட் என்கிறோம். இரண்டு சிமென்ட் கம்பெனியில் ஒன்றை வாங்கி மற்றதை ஷார்ட் செய்தால், சந்தையே சரிந்தாலும் வாங்கியது குறைவாகவும் விற்றது அதிகமாகவும் விழுந்தால் லாபம். வேலி என்று அவர் சொன்னது இதைத்தான்.

இன்று ஹெட்ஜ் ஃபண்டு என்ற பெயரில் நடப்பதில் பாதிக்கு வேலியே கிடையாது. கடன் வாங்கிப் பெரிதாக ஆடுவது, பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பின்னால் வரப்போகும் விலை மீது போடும் ஒப்பந்தங்கள்), நாணயம் என எல்லாம் உண்டு. மியூச்சுவல் ஃபண்டு 500 ரூபாய்க்காரரையும் சேர்த்துக்கொள்ளும், அதனால் அதற்குக் கட்டுகள் அதிகம். ஹெட்ஜ் ஃபண்டு சில பணக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும். அதனால் கட்டுகள் குறைவு, கட்டணம் கூடுதல். வருடத்துக்கு 2 சதவீதமும் லாபத்தில் 20 சதவீதமும் என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன கணக்கு.

நம்ம நாட்டுல அது உண்டுமா, இல்ல வெளிநாட்டுச் சரக்கா?

உண்டு, பெயர்தான் வேறு. 2012 மே மாதம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கொண்டுவந்த மாற்று முதலீட்டு நிதி விதிகளில் மூன்று வகை இருக்கின்றன. மூன்றாவது வகைதான் நம் ஊர் ஹெட்ஜ் ஃபண்டு. குறைந்தது ஒரு கோடி ரூபாய் போடவேண்டும். ஒரு திட்டத்தில் 1,000 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. திட்டத்தின் அளவு குறைந்தது 20 கோடி. நடத்துகிறவரும் தன் பணத்தைப் போட்டாக வேண்டும்: மொத்தத்தில் 5 சதவீதம் அல்லது 10 கோடி, இரண்டில் எது குறைவோ அது. பொதுவில் விளம்பரம் செய்து ஆள் சேர்க்க அனுமதி இல்லை. இந்தக் கடைசி விதியை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

ஒரு கோடி இல்லாதவனை ஏன் உள்ள விடமாட்டேங்காவ? நம்ம துட்டு துட்டு இல்லையா?

கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். செபியின் கணக்கு இது: ஒரு கோடியை ஒரே இடத்தில் போடுகிறவரால் ஆடிட்டரையும் வக்கீலையும் வைத்து ஃபண்டின் ஒப்பந்தப் பத்திரத்தைப் படிக்க முடியும், நஷ்டம் வந்தாலும் தாங்க முடியும். இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. நிலம் விற்று முதல்முறை கோடியைப் பார்க்கிறவருக்குத் துட்டு இருக்கும், பத்திரம் படித்த பழக்கம் இருக்காது. என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். தொகையை வைத்து அறிவை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதைவிட நல்ல அளவுகோல் என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பத்து லட்சம் இருக்கு. அதுக்கு ஏதாவது வழி உண்டா?

2025 ஏப்ரலிலிருந்து உண்டு. மியூச்சுவல் ஃபண்டு கம்பெனிகளே நடத்தும் சிறப்பு முதலீட்டு நிதி. குறைந்தபட்சம் 10 லட்சம். சொத்தில் 25 சதவீதம் வரை ஷார்ட் போகலாம். வரி மியூச்சுவல் ஃபண்டு மாதிரியேதான். இது ஏன் முக்கியம் என்பது வரிக் கேள்வி வரும்போது புரியும். புதிய சரக்கு என்பதால் நீண்ட காலக் கணக்கு இன்னும் கிடையாது. இப்போதைக்கு அவசரப்படாதீர்கள் என்றுதான் நான் சொல்லி வருகிறேன்.

சட்டம் கூடக்கூட லாபம் குறையும்ங்காங்களே, நெசமா?

நெசம்தான். ஆனால் எந்த லாபம் குறைகிறது என்று கேட்கவேண்டும், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் செலவைப் பார்ப்போம். பதிவு, ஆடிட், சொத்தைப் பாதுகாக்கத் தனியாக ஒரு கஸ்டோடியன், விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க ஒரு அதிகாரி. இவை ஃபண்டு சிறிதோ பெரிதோ ஏறத்தாழ ஒரே செலவுதான். உதாரணத்துக்கு வருடம் 40 லட்சம் என்று வையுங்கள். 20 கோடி ஃபண்டுக்கு அது 2 சதவீதம். 2,000 கோடி ஃபண்டுக்கு 0.02 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. விதிகள் இறுகினால் சின்னவர்கள் கடையைக் கட்டுவார்கள், பெரியவர்கள் பெருப்பார்கள். இது நிஜமான இழப்பு. சின்ன ஃபண்டுகளில்தான் புதுசாக யோசிக்கிறவர்கள் இருப்பார்கள்.

அடுத்து, ரிஸ்க்கைக் குறைப்பதால் குறையும் லாபம். அதற்கும் அடுத்தது, முதலிலிருந்தே இல்லாத லாபம், அதாவது கணக்கில் மட்டும் இருந்தது. இன்னொன்று அடுத்தவர் பையிலிருந்து வந்த லாபம். நான்கையும் ஒரே சாக்கில் போட்டு "சட்டம் கெடுத்துட்டு" என்றால் எப்படி? கீழே ஒவ்வொன்றாக வருகின்றன.

லெவரேஜ்னா கடன்தானே? ரெண்டு மடங்குக்கு மேல போகக் கூடாதுன்னா சம்பாத்தியம் எப்படி வரும்?

மூன்றாம் வகை ஃபண்டின் மொத்த வர்த்தக அளவு அதன் நிகர சொத்து மதிப்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. 100 கோடி இருந்தால் 200 கோடி அளவுக்கு ஆடலாம். ஒரே கம்பெனியில் 10 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்ற விதியும் உண்டு.

இந்தக் கட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1998ஐப் பாருங்கள். லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஃபண்டு. அதன் பங்காளிகளில் இரண்டு பேர், மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்டனும், முந்தைய வருடம்தான் பொருளாதார நோபல் வாங்கியிருந்தார்கள். சொந்த மூலதனம் 500 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு, கையாண்ட சொத்தோ 12,500 கோடி டாலர். அதாவது சுமார் 25 மடங்கு. 25 மடங்கில் 1 சதவீதம் ஏறினால் உங்கள் பணத்துக்கு 25 சதவீத லாபம். முதல் சில வருடங்கள் அப்படித்தான் அள்ளினார்கள். 4 சதவீதம் இறங்கினால் மூலதனம் மொத்தமும் காலி. ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கையை விரித்ததும் அதுதான் நடந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் கூட்டிவைத்து, 14 வங்கிகளும் நிறுவனங்களும் 360 கோடி டாலர் போட்டுத்தான் தீயை அணைத்தார்கள்.

ஆக, இரண்டு மடங்குக் கட்டு நல்ல வருடங்களின் லாபத்தைக் குறைக்கும். அது உண்மை. கெட்ட வருடம் ஒன்று வந்தால்தான் அந்தக் கட்டு எதற்கு என்பது தெரியும். நான்கு நல்ல வருடத்தை மட்டும் காட்டி யாராவது பேசினால், ஐந்தாவது வருடம் என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

எங்க பார்ட்னர் ஒரு நோட்டீஸைக் காட்டுதாரு. 'மாதம் 3 சதவீதம், ஹெட்ஜ் ஃபண்டு, அரசு அனுமதி எண் உண்டு'ன்னு போட்டிருக்கு. நம்பலாமா?

நம்பவேண்டாம். நோட்டீஸ் அடித்ததே முதல் தப்பு. பொதுவில் ஆள் சேர்க்கக் கூடாது என்று மேலே பார்த்தோம். மாதம் இவ்வளவு என்று உறுதி கொடுத்தது இரண்டாவது தப்பு. அந்த 'அரசு அனுமதி எண்'ணை நானே எடுத்துப் பார்த்தேன். 15 எழுத்து, 33 என்று தொடங்கியது. அது தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண். இட்லிக் கடைக்கும் அது உண்டு.

மூன்றாம் வகை ஃபண்டின் செபி பதிவு எண் 'ஐஎன்/ஏஐஎஃப்3' என்று தொடங்கும். செபி இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதில் இல்லாத ஒருவர் வட்டி தருகிறேன் என்று துட்டு வாங்கினால் அது ஹெட்ஜ் ஃபண்டு அல்ல, அனுமதியில்லாத டெபாசிட். 2019ஆம் வருட மத்தியச் சட்டமும், முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டமும் அதற்காகவே இருக்கின்றன. புகார் போகவேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

அப்போ செபி பதிவு இருந்தா பயமில்லைதானே?

பதிவு என்பது வாசல்படி மட்டும்தான். பெர்னார்ட் மேடாஃப் அமெரிக்க பங்குச் சந்தை ஆணையத்தில் 2006இல் ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டவர். அதற்கு முன்னும் பின்னும் ஹாரி மார்க்கோபோலஸ் என்பவர் "இந்தக் கணக்கு சாத்தியமே இல்லை" என்று ஆணையத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். யாரும் பிடிக்கவில்லை. புதிதாக வந்தவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்த மோசடி அது என்று 2008 டிசம்பரில் மேடாஃபே ஒத்துக்கொண்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பல ஹெட்ஜ் ஃபண்டுகள் வாடிக்கையாளர் பணத்தை அப்படியே அவரிடம் கொட்டியிருந்தன.

பதிவு காப்பாற்றவில்லை, சரி. எது காப்பாற்றியிருக்கும்? வாடிக்கையாளரின் பங்குகளை மேடாஃபே தன் கையில் வைத்திருந்தார். ஆடிட்டர் ஒரு சின்ன அலுவலகம். கஸ்டோடியன் வேறு ஆளாக இருந்து, பங்கு நிஜமாகவே இருக்கிறதா என்று யாராவது எண்ணிப் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மூன்றாம் வகைக்குக் கஸ்டோடியன் கட்டாயம் என்று செபி சொல்வது இதனால்தான். ஃபண்டுக்காரரைப் பார்க்கும்போது பதிவு எண்ணைக் கேட்ட கையோடு கஸ்டோடியன் யார், ஆடிட்டர் யார் என்றும் கேளுங்கள். சொந்தக்காரர் பெயர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆடிட், அறிக்கைன்னு காகிதத்தைத்தான் நிரப்புதாவ. இதனால லாபத்துக்கு என்ன பிரயோசனம்?

இந்தக் கேள்விக்கு எனக்கு ரொம்பப் பிடித்த பதில் ஒன்று உண்டு. 2009இல் நிகோலஸ் போலன், வெரோனிகா பூல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹெட்ஜ் ஃபண்டுகள் மாதாமாதம் சொன்ன லாப நஷ்டத்தை எல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். சின்ன லாபம் வந்த மாதங்கள் மிக அதிகம், சின்ன நஷ்டம் வந்த மாதங்கள் விசித்திரமாகக் குறைவு. பூஜ்யத்தின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கவேண்டியது, நடுவில் ஒரு படி மாதிரி வெட்டி நின்றது. அதாவது அரை சதவீதம் நஷ்டம் வந்த மாதத்தைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி கால் சதவீத லாபம் என்று எழுதியிருக்கிறார்கள். சந்தையில் விலை தெரியாத சொத்து வைத்திருந்தால் இது சுலபம். அதன் மதிப்பை நீங்கள்தானே சொல்கிறீர்கள்!

அழகு எங்கே என்றால், ஆடிட்டில் போய் முடியும் மூன்று மாதங்களில் மட்டும் அந்தப் படி காணாமல் போய்விட்டது. தினமும் விலை தெரியும் சொத்து வைத்திருந்த ஃபண்டுகளிலும் அது இல்லை. ஆடிட்டர் வந்ததால் லாபம் குறைந்த மாதிரித் தெரியும். உண்மையில் அந்த லாபம் இருந்ததே இல்லை.

நம் விதியில் எப்போதும் சேரக்கூடிய ஃபண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, தொடக்கத்தில் மட்டும் ஆள் சேர்க்கும் ஃபண்டு காலாண்டுக்கு ஒருமுறையாவது நிகர சொத்து மதிப்பைச் சொல்லவேண்டும். அறிக்கை வந்ததும் கோப்பில் சொருகிவிடாதீர்கள். வருட முடிவு ஆடிட்டுக்குப் பிறகு மதிப்பு சட்டென்று இறங்குகிறதா என்று இரண்டு வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதினஞ்சு சதவீத லாபம்னு சொன்னாவ, கைக்கு ஏழரைதான் வந்துது. செபி புடுங்கிட்டா?

செபி இல்லை, வரி. இங்கேதான் நானும் சட்டத்தைக் குறை சொல்வேன்.

முதல் இரண்டு வகை ஃபண்டுகளில், வியாபார வருமானம் நீங்கலாக, லாபம் உங்கள் கைக்கு வந்து உங்கள் கணக்கில் வரியாகும். மூன்றாம் வகைக்கு அந்த வசதி இல்லை. ஃபண்டே வரி கட்டவேண்டும், அதுவும் உச்ச விகிதத்தில். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் லாபம் வியாபார வருமானம். மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்தால் 39 சதவீதம் அல்லது அதற்கும் மேலே. ஒரு கோடிக்கு 15 லட்சம் லாபம் என்று வையுங்கள். 2 சதவீதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2.36 லட்சம் போச்சு. மீதி 12.64 லட்சம். அதில் 39 சதவீத வரி 4.93 லட்சம். கையில் நிற்பது 7.71 லட்சம். லாபத்தில் பங்கு கேட்டால் இன்னும் குறையும். இத்தனைக்கும், கட்டணத்தைச் செலவாக வரித்துறை முழுசாக ஏற்றுக்கொண்டது என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

உங்கள் சொந்த வருமானம் குறைவாக இருந்தாலும், வேறு இடத்தில் நஷ்டம் இருந்தாலும் இங்கே கழிக்க முடியாது. இது முதலீட்டாளரைக் காப்பாற்றும் விதியல்ல, வெறும் சுமை. மேனேஜர் நடப்பதையும் இது மாற்றுகிறது. பங்கை ஒரு வருடம் தாண்டி வைத்திருந்தால் அடிப்படை வரி 12.5 சதவீதம்தான், அதற்குள் விற்றால் 20. அப்போது விற்கவேண்டிய பங்கைப் பதினோராவது மாதத்தில் விற்க யாருக்கு மனசு வரும்? விளம்பரத் தாளில் இருப்பது வரிக்கு முன்னா, பின்னா என்று முதலில் கேளுங்கள். 10 லட்சம் கேள்வியில் சொன்ன சிறப்பு நிதிக்கு இந்தத் தொல்லை இல்லை.

என் மகன் வியாழக்கிழமை ஆனா போனை விட்டு நிமிரவே மாட்டான். செபி வந்து கெடுத்துட்டுன்னு புலம்புதான். அவனுக்கும் ஹெட்ஜ் ஃபண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். வியாழக்கிழமை ஒப்பந்தம் முடியும் வார ஆப்ஷன்ஸில் உங்கள் மகன் ஒரு பக்கம் நிற்கிறான். எதிர்ப் பக்கம் நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியாது.

2024 செப்டம்பரில் செபி ஒரு கணக்கை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே அறிக்கையில், 2023-24இல் மட்டும் சொந்தப் பணத்தில் ஆடும் தரகு நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் செலவு கழிக்கும் முன் லாபம் பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் கணக்கில் ஹெட்ஜ் ஃபண்டுகளும் உண்டு. பெரும்பாலும் கம்ப்யூட்டரே போட்ட வர்த்தகம். டவுனில் மாடி அறையில் உட்கார்ந்து போனைத் தட்டும் பையன் அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. ஒரு காண்டிராக்டின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ஆனது. ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில் மட்டுமே வார எக்ஸ்பயரி, அதாவது வாராவாரம் ஒப்பந்தம் முடியும் நாள். பேங்க் நிஃப்டி வார ஆப்ஷன் 2024 நவம்பரோடு நின்றது. எதிரில் ஆடும் கூட்டம் குறைந்தால் ஃபண்டுகளின் லாபமும் குறையத்தான் செய்யும். 'அடுத்தவர் பையிலிருந்து வந்த லாபம்' என்று முன்னே சொன்னேனே, இதுதான் அது. ஒரு ஃபண்டுக்காரர் என்னிடம் "புது விதியால எங்க ரிட்டர்ன் அடிபட்டுப் போச்சு மேடம்" என்றார். அடிபட்ட ரிட்டர்னில் கொஞ்சம் உங்கள் மகனுடையது.

ஷார்ட் அடிக்கிறதைத் தடுத்துட்டா சந்தை விழாதுல்லா? அதையும் செய்யலாமே?

செய்து பார்த்தார்கள். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 800 நிதித்துறைப் பங்குகளில் ஷார்ட் செய்யக் கூடாது என்று தடை போட்டார்கள். மூன்று வாரம் நீடித்தது. பங்குகள் விழுவது நிற்கவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். ஷார்ட்டை வேலியாக வைத்திருந்த ஃபண்டுகள், முக்கியமாகப் பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன் பத்திரம் வாங்கியவை, ஒரே ராத்திரியில் வேலி பிடுங்கப்பட்டு நின்றன. தடை போட்ட ஆணையத் தலைவர் கிறிஸ்டோபர் காக்ஸே சில மாதத்தில், தெரிந்திருந்தால் மறுபடி அதைச் செய்திருக்க மாட்டோம் என்ற பொருளில் பேசினார். விதி என்று பெயர் இருந்தால் எல்லாம் நல்லது ஆகிவிடாது.

கேமன் தீவுல பதிஞ்சா சட்டமே கிடையாதாம். அங்க போட்டா லாபம் கூடுமாமே?

கேமன் தீவுகளில் பதிவது பெரும்பாலும் வரிக்காக. ஃபண்டு அங்கே இருந்தாலும் நடத்துகிறவர் லண்டனிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்திருப்பார், அந்த ஊர்ச் சட்டம் அவரைப் பிடிக்கும். அமெரிக்காவில் 2010 சட்டத்துக்குப் பிறகு 15 கோடி டாலருக்கு மேல் கையாளும் மேனேஜர்கள் பதிவு செய்யவேண்டும். ஐரோப்பாவில் 2011இல் தனி விதித்தொகுப்பு வந்தது.

இந்தியாவில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. 2007இல் நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு சப்-புரோக்கர் அலுவலகத்தில் டெர்மினல் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பதிவு செய்யாத வெளிநாட்டு ஃபண்டுகள், இங்கே பதிவு செய்த வேறொருவர் எழுதிக் கொடுக்கும் பார்ட்டிசிபேட்டரி நோட் வழியாக நம் பங்குகளில் புகுந்திருந்த காலம். அதைக் கட்டுப்படுத்தப் போகிறோம் என்று செபி ஒரு வரைவு வெளியிட்டது. மறுநாள் அக்டோபர் 17, சந்தை திறந்த வேகத்தில் சென்செக்ஸ் 1,700 புள்ளிகளுக்கு மேல் விழுந்து வர்த்தகமே ஒரு மணி நேரம் நின்றது. திரை உறைந்து கிடக்க, பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பெரும்பகுதி திரும்ப ஏறிவிட்டது. அன்றைக்குப் பயத்தில் விற்றவர்கள்தான் நிஜமாக இழந்தார்கள்.

லண்டன்ல என் மகன் ஒரு ஃபண்டுல கம்ப்ளையன்ஸ், அதான் விதிப்படி நடக்கா-ன்னு பாக்குற வேலை பாக்கான். 'உங்களாலதான் ரகசியம் வெளிய போகுது'ன்னு டிரேடர்மாரு திட்டுதாவளாம். அதுல ஞாயம் உண்டா?

கொஞ்சம் உண்டு. ரெகுலேட்டருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்கும் தகவல் வேறு, ஊருக்கே காட்டும் தகவல் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கம்பெனியின் பங்கில் 0.5 சதவீதத்தைத் தொட்டால் ஷார்ட் நிலையைப் பெயரோடு வெளியிடவேண்டும். அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் பங்கு கையாளும் மேனேஜர்கள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் பட்டியல் கொடுக்கவேண்டும், அதை யாரும் பார்க்கலாம்.

மெல்வின் கேப்பிட்டல் என்ற ஃபண்டு கேம்ஸ்டாப் கம்பெனி விழும் என்று ஆப்ஷன் வாங்கியிருந்தது. அது அந்தப் பட்டியல் வழியாகத்தான் வெளியே தெரிந்தது. இணையத்தில் கூடிய சின்ன முதலீட்டாளர்கள் குறிவைத்துப் பங்கை ஏற்றினார்கள். 2021 ஜனவரி ஒரே மாதத்தில் மெல்வினுக்கு 53 சதவீத நஷ்டம். அடுத்த வருடம் கடையை மூடியது. வெளிப்படைத்தன்மை லாபத்தைத் தின்றதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அவர்கள் அவ்வளவு பெரிய ஷார்ட் வைத்திருந்ததும் காரணம்தான் என்று உங்கள் மகன் டிரேடர்களிடம் சொல்லலாம், வேலை முக்கியமில்லை என்றால்!

அமெரிக்காவுல கட்டுப்பாடு வரதுக்கு முன்னால அள்ளிக் குவிச்சாவளாமே? 2010க்கு அப்புறம்தான் படுத்துட்டாம்?

படுத்தது உண்மை. காரணம் சட்டம் மட்டும்தானா என்பதுதான் கேள்வி. 2000இல் இந்தத் தொழிலில் இருந்த பணத்தைப் போலப் பல மடங்கு அடுத்த ஏழெட்டு வருடத்தில் வந்து குவிந்தது. ஒரே விலை வித்தியாசத்தைப் பத்து பேர் தேடியது போய் ஆயிரம் பேர் தேடினால் ஆளுக்கு என்ன கிடைக்கும்? வட்டி விகிதமும் தரையைத் தொட்டது.

பழைய நம்பர்களிலும் ஊதல் உண்டு. மூடிப்போன ஃபண்டுகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். நல்ல வருடம் வந்த ஃபண்டு மட்டும் பட்டியலில் சேர்ந்து, பழைய லாபத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் தோற்றவனை எல்லாம் நீக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சராசரி சொல்கிற கதை.

வாரன் பஃபெட் 2008 முதல் 2017 வரை பத்து வருடப் பந்தயம் ஒன்று கட்டினார். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டு ஒரு பக்கம், ஹெட்ஜ் ஃபண்டுகளில் முதலீடு செய்யும் ஐந்து ஃபண்டுகள் மறுபக்கம். இண்டெக்ஸ் மொத்தம் 125.8 சதவீதம் ஏறியது. ஐந்தில் சிறந்தது 87.7, மோசமானது 2.8. அந்த இடைவெளியில் பெரிய பங்கு கட்டணத்துக்குத்தான் போனது. கட்டணம் வாங்கச் சொல்லி எந்த ரெகுலேட்டரும் உத்தரவு போடவில்லை.

போட்ட துட்டை நினைச்ச நேரம் எடுக்கலாமா?

பத்திரத்தில் எழுதியிருக்கிறபடிதான். சிலவற்றில் ஒரு வருடம், சிலவற்றில் மூன்று வருடம் பூட்டு. மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

அஞ்சு வருஷமா வருஷம் பதினெட்டு சதவீதம்னு ஒரு ஃபண்டு கணக்கு காட்டுது. பதிவு இருக்கு, கஸ்டோடியன் இருக்கு, ஆடிட் இருக்கு. இனி என்ன பாக்க?

மேலே உள்ளதை எல்லாம் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி என்பதால் சந்தோஷப்பட்டேன். பார்க்கவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: அந்த ஐந்து வருடமும் ஒரே விதியின் கீழ் வந்தவையா?

2020 டிசம்பரில் தொடங்கி 2021 செப்டம்பருக்குள் மார்ஜின் (வர்த்தகத்துக்கு முன்பணமாகக் கட்டும் பிணைத் தொகை) விதி படிப்படியாக இறுகியது, நாளின் நடுவிலும் முழு மார்ஜின் இருக்கவேண்டும் என்று ஆனது. 2024 அக்டோபரில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் மீதான பரிவர்த்தனை வரி கூடியது. ஆப்ஷன் விற்பனைக்கு 0.0625 சதவீதம் 0.1 ஆனது. அடுத்த மாதமே வார எக்ஸ்பயரிகள் குறைந்தன. வாரத்துக்கு நான்கைந்து எக்ஸ்பயரியில் ஆப்ஷன் விற்றுச் சம்பாதித்த ஃபண்டுக்கு அந்த வயல் இப்போது பாதிகூட இல்லை. அதன் பழைய 18 சதவீதம் பொய் அல்ல, ஆனால் இல்லாத வயலின் விளைச்சல்.

அதனால் அவரிடம் இப்படிக் கேட்கச் சொன்னேன்: கணக்கை 2024 நவம்பரில் இரண்டாக வெட்டி, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று மாதவாரியாக, வரி போக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினார். அதுவரை தினமும் குட்மார்னிங் போட்டுக்கொண்டிருந்த அந்த ஃபண்டின் ரிலேஷன்ஷிப் மேனேஜரிடமிருந்து மூன்று வாரமாகப் பதில் இல்லை.